ரெண்டு தலைக்குச் சந்தனம்

பிள்ளை வளர்ப்பைப் பற்றி யாராவது என்னிடம் யோசனை கேட்டால் நான் வாயைத் திறப்பதில்லை. கேட்பவர்கள் அதை அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடக்கமெல்லாம் இல்லை. வளர்த்தது ஒரே ஒரு பிள்ளை. அந்த ஒன்றையும் இரண்டு வயதில் மண்ணெண்ணெயில் ஊறவைத்தவள் நான்.

எண்பதுகளின் நடுவில் என் கணவருக்கு அரூர் கரண்ட் ஆபீஸில் ஒயர்மேன் வேலை. ஆறு குடித்தனம் வரிசையாக இருந்த லைன் வீட்டில் மூன்றாவது எங்களுடையது. ஒரு அறை, ஒரு அடுப்படி, ஒரு ஜன்னல். ஆறு வீட்டுக்கும் சேர்த்துப் பின்னால் ஒரே கக்கூஸ். மகள் கவிதாவுக்கு அப்போது இரண்டு வயது முடிய இரண்டு மாதம் பாக்கி.

கவிதா என் புடவைத் தலைப்பை விட்ட நேரம் என்று ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அடுப்படியில் காலைக் கட்டிக்கொள்வாள். துணி துவைத்தால் முதுகில் ஏறுவாள். கக்கூஸுக்குப் போய்க் கதவைச் சாத்தினால் வெளியே நின்று தகரக் கதவைத் தட்டித் தட்டி அழுவாள். நான் எங்கே இருக்கிறேன், எவ்வளவு நேரமாக இருக்கிறேன் என்பது ஆறு வீட்டுக்கும் தெரிந்துவிடும். இடுப்பில் அவளை வைத்துக்கொண்டு நின்றபடியே ஆறிப்போன களியை விழுங்குவதுதான் என் சாப்பாடு. தப்பித்தவறி அவள் என்னை விட்டால் அது அதைவிட மோசம். அப்பாவின் கட்டிங் பிளேயரைத் தண்ணீர்த் தொட்டியில் போடுவாள், ரேடியோவுக்குக் கேழ்வரகு மாவு ஊட்டுவாள், பல்லியைத் துரத்திக்கொண்டு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொள்வாள். (பீரோவை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். இருந்தது நான் ஒருத்தி.) மாலை நான்கு மணிக்கு வாசல்படியில் உட்கார்ந்து, இந்தப் பிள்ளைக்குப் பத்து வயது ஆவதற்குள் நான் செத்துப்போய்விடுவேன் என்று நிதானமாக யோசித்திருக்கிறேன்.

இத்தனைக்கும் நடுவில் அவளுடைய முடி வேறு.

எட்டு மாதத்தில் அவளுக்கு வாந்தி பேதி வந்தது. தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கண் செருகிவிட்டது. மூன்று நாள் பாட்டில் ஏறியது. என் கணவர் சாமி பூதம் என்று போகிறவர் இல்லை, உலகத்தில் கரண்டைத் தவிர வேறு எதற்கும் பயமில்லை என்பார். அந்த மனுஷன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, பிள்ளை பிழைத்தால் முதல் முடியைக் கத்தி படாமல், ஒரு முடி குறையாமல் காணிக்கையாகத் தருகிறேன் என்று குலதெய்வம் முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். பிள்ளை பிழைத்துத் திரும்பிய பஸ்ஸில்தான் என்னிடம் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வயதில் எடுத்திருக்க வேண்டிய மொட்டை அது. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் எடுக்க வேண்டும். தாய்மாமன் என்றால் அதியமான்கோட்டையில் இருந்த என் அண்ணன். அவர் மாமனார் காலமாகிவிட, ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. அதற்குள் முடி தோள் வரை சுருள் சுருளாக வளர்ந்துவிட்டது. உள்ளே பேன், வெயில் காலத்தில் வேனல் கட்டி. தினமும் எண்ணெய் வைத்துச் சீவி முடிப்பதற்குள் எனக்குக் கை ஓய்ந்துவிடும், அவளுக்குத் தொண்டை கட்டிவிடும். என் கணவரோ சாயங்காலம் வந்ததும் அந்த முடியைத் தடவிக்கொடுத்து, முனியப்பன் சொத்து, ஜாக்கிரதை என்பார். சொத்துக்கு வாட்ச்மேன் நான்.

கடைசியில் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம். கிடா வாங்கியாயிற்று. சொந்தத்துக்கெல்லாம் சொல்லியாயிற்று. அண்ணன் தோடும் பட்டுப் பாவாடையும் எடுத்துவிட்டார். இன்னும் மூன்றே நாள். அன்றைக்கு வியாழக்கிழமை.

காலையில் என் கணவர் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிவிட்டு, சொல்யூஷன் ட்யூபை ஜன்னலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். நான் பார்த்தேன். எடுத்து மேலே வைக்க வேண்டும் என்று நினைக்கவும் செய்தேன். இடுப்பில் இருந்தவள் சோற்றுப் பானைக்குள் கையை விட்டதில் அது மறந்துபோயிற்று.

மத்தியானம் அவளைத் தூங்கவைக்கப் பக்கத்தில் படுத்தேன். தூங்கியது நான். ஐந்து நிமிஷம் இருக்கும். (அரை மணி நேரம் என்பது பக்கத்து வீட்டு ஜமீலாக்காவின் சாட்சியம். அந்தம்மா சாட்சி சொன்னால் எப்போதும் எனக்கு எதிராகத்தான் இருக்கும்.) வீடு அமைதியாக இருந்ததால் விழிப்பு வந்துவிட்டது. எங்கள் வீடு அமைதியாக இருந்தால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம்.

கவிதா சுவர் ஓரமாகச் சமர்த்தாக உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்து, “எண்ண” என்றாள். தினமும் காலையில் நான் செய்வதைத்தான் செய்திருந்தாள். ட்யூபில் ஒரு சொட்டு பாக்கியில்லை.

கையை எடுக்கச் சொன்னேன். கை வரவில்லை. இரண்டு உள்ளங்கையும் தலையோடு ஒட்டியிருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். அவள் போட்ட சத்தத்தில் ஜமீலாக்கா ஓடி வந்தார்.

ஜமீலாக்காவின் வீட்டுக்காரர் ட்ரங்குப் பெட்டி செய்து பெயிண்ட் அடித்து விற்பவர். ஐந்து பிள்ளை பெற்று வளர்த்தவர் என்பதால் அக்காவின் பேச்சுக்கு எங்கள் வரிசையில் தனி மரியாதை. முதலில் தேங்காய் எண்ணெய் என்றார். அரை பாட்டில் போட்டதில் கை இரண்டும் கழன்று வந்தன. தலை வரவில்லை. சொல்யூஷனும் எண்ணெயும் சேர்ந்து கறுப்பாகத் திரண்டு, தலையின் வலது பக்கம் முழுக்கப் புளி உருண்டை போல இறுகிக்கொண்டே போயிற்று. இதுக்கு வேற என்னக்கா போடலாம் என்று கேட்டேன். கடையில் கையில் பெயிண்ட் ஒட்டினால் மண்ணெண்ணெய்தான் போடுவார்கள் என்றார்.

மண்ணெண்ணெய் போட்டேன். என்னைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அந்த நேரத்தில் சுண்ணாம்பு என்று சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன்.

அது வழிந்து வேனல் கட்டியில் பட்டது. அதுவரை வீம்புக்கு அழுதுகொண்டிருந்தவள் வேறு மாதிரி அழ ஆரம்பித்தாள். மூச்சு இழுத்தது. நெற்றியும் காதும் சிவந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் பார்த்த முகம் ஞாபகம் வந்தது. ரவிக்கை தைக்க வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்தேன். ஒரு வெட்டு. உருண்டை முழுசாகக் கையோடு வந்துவிட்டது. வாளித் தண்ணீரில் உட்காரவைத்துச் சீயக்காய் போட்டுக் கழுவினேன். அழுகை நின்றது. அவள் அந்த உருண்டையை வாங்கிப் பார்த்து, “பாப்பா?” என்று கேட்டாள்.

அப்போதுதான் ஜமீலாக்கா மெதுவாகச் சொன்னார். “ஏம்மா, இது உங்க சாமிக்கு உட்ட முடியில்ல?”

“இத்தன நேரம் ஏங்க்கா சொல்லல?”

“நீ என்ன போடலாம்னுதான கேட்ட.”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதோடு நின்றிருந்தால் பாதி முடியாவது மிஞ்சியிருக்கும். வலது பக்கம் மொட்டையாகவும் இடது பக்கம் சுருளாகவும் பார்க்கச் சகிக்கவில்லை. சமமாக இருந்தால் சட்டென்று தெரியாது என்று என் மூளை சொல்லிற்று. இடது பக்கம் கொஞ்சம் வெட்டினேன். கோணலாயிற்று. கோணலைச் சரிசெய்ய இன்னும் கொஞ்சம். கொஞ்சம் கொஞ்சமாக முடித்தபோது ஆடு மேய்ந்த கடலைக்கொல்லை மாதிரி இருந்தது என் பிள்ளையின் தலை.

பிறகு இன்னொரு யோசனை. சலூனில் கொடுத்து ஒழுங்காக வெட்டிவிட்டால் என்ன? அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பொம்பளைகள் சலூன் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். ஜமீலாக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நின்றேன். உள்ளே இருந்த நான்கு ஆம்பளைகளும் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்கள். சலூன்காரர் சீப்போடு வெளியே வந்து பார்த்தார். முதல் முடியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எந்தச் சாமிக்கு என்றார். முனியப்பன் என்றதும் ஒரு எட்டுப் பின்னால் போய்விட்டார்.

“சாமிக்கு உட்டதுல நான் கத்தி வெக்க மாட்டனுங்க. எனக்கும் புள்ள குட்டி இருக்குதுங்க.”

வீட்டுக்கு வந்து, வெட்டிய முடியையெல்லாம் பொறுக்கி மஞ்சள் துணியில் முடிந்து மிளகாய் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தேன். அண்ணன் பெங்களூரில் வாங்கித்தந்த கம்பளிக் குல்லா ஒன்று பெட்டியில் இருந்தது. அதை எடுத்துக் கவிதாவுக்கு மாட்டினேன். சித்திரை மாதம், வெளியே கல் வெடிக்கிற வெயில். ஞாயிற்றுக்கிழமை வரை குல்லாவிலேயே ஓட்டிவிடலாம், கோயிலில் கூட்டத்தில் எப்படியோ சமாளித்துவிடலாம் என்பது என் திட்டம். இந்தத் திட்டம் போட்டபோது எனக்கு இருபத்து மூன்று வயது. எஸ்எஸ்எல்சி பாஸ் வேறு.

ஆறு மணிக்கு அவர் வந்தார். குல்லாவைப் பார்த்து ஏன் என்றார். லேசாகச் சளி என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தையில் மனுஷன் முகம் செத்துப்போயிற்று. நெற்றியில் கை வைத்தார். மத்தியானம் முழுக்க அழுது, கம்பளிக்குள் வெந்துகொண்டிருந்த தலை, அனலாகத்தான் இருக்கும். பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தார். நடை இல்லை, ஓட்டம். நான் பின்னாலேயே ஓடினேன். எங்கள் தெருவிலிருந்து டாக்டர் வீடு வரை பதினோரு கரண்ட் போஸ்ட். ஒவ்வொரு போஸ்ட் வரும்போதும் இதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பதினோரு போஸ்டும் தாண்டிவிட்டன.

டாக்டர் வீட்டு வராந்தாவில் கூட்டம். இவர் கைகூப்பி, முன்னாடி ஒரு தடவை கையை விட்டுப் போகப் பார்த்த பிள்ளைங்க, கொஞ்சம் வழிவிடுங்க என்று கெஞ்சினார். காய்ச்சலோடு சுருண்டு கிடந்த ஒரு பெரியவர்கூட எழுந்து வழிவிட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பயப்படாதே தாயி என்று ஒரு அம்மா என் நெற்றியில் திருநீறு பூசினார். அந்த நிமிஷத்தில் பூமி பிளந்து என்னை வாங்கிக்கொண்டிருந்தால் மறுப்புச் சொல்லியிருக்க மாட்டேன்.

டாக்டர் குல்லாவைக் கழற்றினார். அறை முழுக்க மண்ணெண்ணெய் வாசனை. அந்தக் காலத்தில் பெண்டாட்டி மேலோ பிள்ளை மேலோ மண்ணெண்ணெய் வாசனை அடித்தால் டாக்டர்கள் முதலில் புருஷனைத்தான் பார்ப்பார்கள். டாக்டரும் பார்த்தார்.

“வூட்ல என்னய்யா நடக்குது?”

இவர் ஒன்றும் புரியாமல் பிள்ளையின் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்; ட்யூப், எண்ணெய், கத்தரிக்கோல், சலூன், மிளகாய் டப்பா. ஊசி போடும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, குல்லாவைத் தூக்கிப் போட்டுவிட்டு விசிறிவிடுங்கள் என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

திரும்பி வரும்போது அவர் பாதி வழியில் நின்று, “ஒரு முடி கொறையாமன்னு சொல்லியிருந்தேன் சரோசா” என்றார். அவ்வளவுதான்.

திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன், அதில் எனக்குப் பயிற்சி உண்டு. அவர் திட்டவில்லை, பயந்துவிட்டார். கொடுத்த வாக்குத் தவறியதால் கொடுத்த பிள்ளையைச் சாமி திருப்பிக் கேட்டுவிடும் என்று பயந்தார். வெள்ளியும் சனியும் வேலைக்கு நடுவில் மூன்று மூன்று முறை சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, வாசலில் நின்றபடியே பிள்ளை விளையாடுகிறாளா என்று பார்த்துவிட்டுப் போனார். உள்ளே வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. தூங்கியது நான், வெட்டியது நான், பொய் சொன்னதும் நான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில். அரிவாளை ஓங்கிக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு முனியப்பன். எதிரே எண்பது சொந்தக்காரர்கள். அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து கவிதாவை மடியில் வைத்துக்கொண்டார். அவள் தலையில் கட்டியிருந்த துண்டைப் பூசாரி அவிழ்த்தார். எண்பது தலையும் எட்டிப் பார்த்தன.

யார் கத்தி வைத்தது என்று பூசாரி கேட்டார். நான் முன்னால் போய் ஒப்புக்கொண்டு, மஞ்சள் முடிச்சை நீட்டினேன். அவர் வாங்கி மோந்து பார்த்தார், முகத்தைச் சுருக்கினார், அதைச் சாமி காலடியில் வைத்துவிட்டு யோசித்தார். பிறகு, தெரியாமல் நடந்த தப்பு, பெத்தவள் பூமுடி கொடுத்தால் போதும் என்றார். பூமுடி என்றால் மூன்று இடத்தில் ஒரு சின்னக் கற்றை. அதோடு குறை தீர்ந்தது, பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. மூன்று நாள் கழித்து என் கணவர் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் கூட்டத்தில் என் நாத்தனார் இருந்தார். ஒரு தலை முடியை நாசம் பண்ணிவிட்டு மூன்று கற்றைதானா என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், எனக்குக் கேட்க வேண்டிய அளவுக்குச் சரியாக. மூன்று நாளாக உள்ளே அடக்கிவைத்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது.

“மூணு கத்த என்னத்துக்கு? என் முடிய முழுசா எடுத்துக்கச் சொல்லுங்க.”

என் முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடுப்புக்குக் கீழே வரும், கை கொள்ளாத அடர்த்தி. என்னிடம் பார்க்கும்படியாக இருந்தது அது ஒன்றுதான். பெண் பார்க்க வந்தபோது என் அம்மா என்னைத் திரும்பி நிற்கவைத்துத்தான் கல்யாணத்தை முடித்தார் என்று அண்ணன் கிண்டல் செய்வார். அதைக் கொடுக்கிற உத்தேசம் எனக்குத் துளிகூட இல்லை. யாராவது தடுப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் சொன்னேன். கோபத்தில் எதையாவது சொல்வது, யாராவது தடுப்பது, நான் வேண்டா வெறுப்பாக ஒத்துக்கொள்வது, இதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

பூசாரியைப் பார்த்தேன். அவர் என் கணவரைப் பார்த்தார். முழுசுக்கு முழுசு, வாக்கு தப்பவில்லை என்ற நிம்மதியில் என் கணவர் கண்ணை மூடிச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார். நாத்தனார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். மிச்சம் இருந்தது அண்ணன். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர், என் கண்ணில் தண்ணீர் வந்தால் பொறுக்காதவர். அவரை நன்றாக உற்றுப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

“சந்தனம் ரெண்டு தலைக்குப் பத்துமா?” என்று கேட்டார்.

பத்தும் என்று யாரோ கிண்ணத்தைக் காட்டினார்கள்.

பிள்ளைக்கு முடிந்ததும் எனக்குப் போட்டார்கள். நான் விட்ட கண்ணீரைப் பக்தி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நாத்தனார் என் காலில் விழுந்தே விட்டார்.

எழுந்து திரும்பி, பிள்ளையை வாங்கக் கையை நீட்டினேன். கவிதா என் சந்தனத் தலையைப் பார்த்து அலறிக்கொண்டு அவள் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அம்மா, அம்மா என்று என்னைத்தான் கேட்டு அழுதாள். நான்தான் அம்மா என்றால் இன்னும் அழுதாள்.

மூன்று நாள் என்னிடம் வரவில்லை. ஜமீலாக்கா வீட்டில் சாப்பிட்டாள், அங்கேயே தூங்கினாள். தெருவில் பார்த்தவர்களெல்லாம் திருப்பதியா, லட்டு எங்கே என்று கேட்டார்கள். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக நான் உட்கார்ந்து சூடான சோறு சாப்பிட்டேன். கக்கூஸில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன், வெளியே யாரும் தட்டவில்லை. இதற்காகத்தானே தவம் கிடந்தேன். அங்கேயே உட்கார்ந்து, வாயில் புடவையை அடைத்துக்கொண்டு அழுதேன். அப்படி ஒரு அழுகை அதற்கு முன்னும் அழுததில்லை, பின்னும் அழுததில்லை.

நான்காம் நாள் காலை அவளாக வந்தாள். நான் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று என் தலையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு முழுக் கையால் தடவினாள். தடவியபடியே என் மடியில் சரிந்து அரிசியையெல்லாம் தட்டிவிட்டாள். அரிசி கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முடி திரும்ப வளர்ந்தது, ஆனால் தோளோடு நின்றுவிட்டது. குறையாமல் நிலைத்தது அண்ணன் கேட்ட கேள்விதான். நான் பட்டினி கிடக்கிறேன் என்று சொன்னாலும் சரி, பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டியை எடுத்தாலும் சரி, யாராவது ஒருவர், சந்தனம் பத்துமா என்பார்கள். கவிதா நான்காம் வகுப்பிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கல்யாணமாகி வந்த மாப்பிள்ளைக்கு ஒரே மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டாள். என் கணவர் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லும்போது சிரித்ததும் இல்லை.

போன வருஷம் எனக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. ஆபரேஷனுக்குக் கூட்டிப்போய், கையெழுத்துப் போடச் சொல்லி நர்ஸ் பேப்பரை நீட்டினார். எனக்குக் கத்தி என்றாலே நடுக்கம். கண்ணும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், குருடியாகவே கிடந்து போய்ச் சேருகிறேன், விடுங்கள் என்று சத்தம் போட்டேன். மகள் கெஞ்சினாள், மாப்பிள்ளை கெஞ்சினார். நான் மசியவில்லை. மூலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் கணவர் எழுந்து வந்தார். எழுபது தாண்டியாயிற்று, நடை தளர்ந்துவிட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்து என் நரைத்த தலையில் கை வைத்தார்.

“நான் வேணா சந்தனம் கரைக்கச் சொல்லட்டுமா சரோசா?” என்றார்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று நர்ஸைக் கேட்டேன்.